கேட்டதும் சொன்னதும்: இந்த முறை எல்லாமே கடல்

விடுமுறை வந்தால் பாறசாலையில் இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் உள்ள சனம் முழுக்கக் கடற்கரைக்குக் கிளம்பிவிடும் போல. வந்த கடிதங்களில் முக்கால்வாசி மீன், படகு, அலை, கடலரிப்பு என்றே இருக்கிறது. சரி, ரேஷன் கார்டு, பட்டா மாறுதல் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை கடலோடு நிற்கலாம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பூவாரில் படகுச் சவாரி போய்விட்டு, பொழிக்கரை மணலில் இறங்கிப் பிள்ளைகளோடு குளிக்கலாம் என்று நினைக்கிறோம். "தண்ணி முட்டளவுதான் சேச்சி, பேடிக்க வேண்டா" என்கிறார் படகுக்காரர். நம்பிப் போகலாமா?
- வாசகி, நெய்யாற்றின்கரை

பதில்: சவாரி போங்கள், குளிக்க வேண்டாம். படகுக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் சொல்கிற நேரத்தில் முட்டளவுதான் இருந்திருக்கும். நெய்யாறு அகத்தியமலையில் இருந்து இறங்கி வந்து கடலில் சேரும் இடம் அது. ஆறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த மணல்திட்டு ஒரே மாதிரி நிற்காது. இன்றைக்கு முட்டளவாக இருந்த இடம் பொழி, அதாவது ஆற்று வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டு, முறிந்த மறுநாள் ஆள் முங்கும் கசமாக இருக்கும். கரையும் சரிவு. அலை உடைந்து திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும்.

இதற்கு மேல் கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் வெளியூர் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், அலை மட்டும் திடீரென்று ஏறி வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில், நம் கரையில் இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, எங்கேயோ அடித்த புயலில் கிளம்பிய அலை அது. இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். நம் பக்கத்து மீனவர்கள் காலம் காலமாகச் சொல்லி வந்த இந்தப் பெயரைத்தான் 2012இல் யுனெஸ்கோவும் அப்படியே எடுத்துக்கொண்டது. சித்திரை வைகாசியில், அதாவது சரியாக நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் மாதங்களில், இது அதிகம் வரும்.

2024 மே 6ஆம் தேதி நாகர்கோவிலுக்குத் தெற்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் ஒரே நேரத்தில் இறந்தது நினைவிருக்கும். அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில்தான் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம் எந்த மாவட்டக் கரையில் எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை அலை ஏறும் என்று முன்கூட்டியே சொல்கிறது, கேரளத்திலும் குமரியிலும் செய்தியாகவும் வருகிறது. கிளம்பும் முன் பெட்ரோல் பார்க்கிறோம், அதையும் பார்த்துவிட்டால் என்ன?

படகில் ஏறும்போது ஆள் கணக்கை நீங்களே எண்ணுங்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் இறங்கிவிடுங்கள், மானம் ஒன்றும் போகாது. 2023 மே 7இல் மலப்புறம் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதுதான் அங்கே முதல் குற்றச்சாட்டு. உயிர்காப்பு உடுப்பைப் பிள்ளைகளுக்குப் போட்டு வாரையும் கட்டுங்கள், போட்டோ எடுத்ததும் கழற்ற விடாதீர்கள்.

யாராவது நீரோட்டத்தில் மாட்டினால் கூட்டமாகக் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போன கதை நம் கரையில் நிறைய உண்டு. மூடி போட்ட காலித் தண்ணீர் கேனையோ கயிற்றையோ எறியுங்கள். மாட்டியவர் கரையை நோக்கி மல்லுக்கட்டினால் தளர்ந்துவிடுவார். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாதவர் மிதந்தபடி கை தூக்கிக் காட்டினால் போதும்.

கேள்வி: ஜூன் மாதம் மீன்பிடித் தடை என்கிறார்கள். ஆனால் எங்கள் சந்தையில் சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி) எல்லாம் வருகிறதே. சட்டம் ஏட்டில் மட்டும்தானா? ஏப்ரலில் ஒரு தடை, ஜூனில் ஒரு தடை என்று வேறு குழப்புகிறார்கள்.
- வாசகர், களியக்காவிளை

பதில்: குழப்பத்துக்குக் காரணம் நம் குமரி மாவட்டம் இரண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டும் 61 நாள். சின்னமுட்டம் விசைப்படகுகள் முதல் கணக்கில் நிற்கும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகள் இரண்டாவது கணக்கில். ஆக ஜூன் முதல் இரண்டு வாரம் மாவட்டம் முழுக்க விசைப்படகு ஓடாது, 15ஆம் தேதி சின்னமுட்டம் திறந்துவிடும். இஞ்சிவிளை தாண்டினால் கேரளம். அங்கே மாநிலக் கடலுக்கு ஜூன் 9 நள்ளிரவில் இருந்து ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாள் டிராலிங் தடை, அதாவது விசைப்படகு இழுவலைக்குத் தடை, 1988இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது.

இவை எல்லாம் விசைப்படகுக்குத்தான். வள்ளம், கட்டுமரம், கரையில் நின்று இழுக்கிற கரமடி வலைக்குத் தடை இல்லை. ஆனி ஆடியில் உங்கள் சந்தைக்கு வரும் சாளை பெரும்பாலும் வள்ளத்து மீன்; மழைக்காலத்தில் அடிக்கடலில் இருந்து குளிர்ந்த சத்து நீர் மேலே ஏறி வருவதால் சாளைக்கும் அயிலைக்கும் தீனி பெருகும், கரையோரம் கூட்டமாக வரும். மற்றபடி கிழக்குக் கரையில் இருந்தும் ஆந்திரத்தில் இருந்தும் ஐஸ் போட்டு லாரியில் வருகிற மீனும் உண்டு. அதில்தான் கவனம் வேண்டும். 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஆபரேஷன் சாகர் ராணி என்று ஒன்று நடத்தி, எல்லைச் சோதனைச்சாவடிகளில் பிணம் கெடாமல் வைக்கப் பயன்படுத்தும் பார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. செவுள் வெளிறி, கண் குழிந்து, ஆனால் நாற்றமும் இல்லை, ஈயும் உட்காரவில்லை என்றால் அந்த மீன் வேண்டாம்.

தடை ஏட்டில் மட்டும்தானா என்று கேட்டீர்கள். கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை கிடைத்தது, 2021இல் அது 3,500 டன்னைக்கூடத் தொடவில்லை. தடையை மீறினார்கள், அதனால் போச்சு என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. சாளை கடல் சூட்டுக்கும் மழைக்கும் ஏற்ப ஏறி இறங்குகிற மீன். ஆனால் இறங்கின காலத்தில் மிச்சமிருந்த குஞ்சையும் வாரி எடுத்தால் மறுபடி ஏற எதை வைத்து ஏறும்? கேரளத்தில் சாளை 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மொத்தம் 58 வகைகளுக்கு இப்படி அளவு வைத்திருக்கிறார்கள். உங்கள் சந்தையில் விரல் நீளம்கூட இல்லாத சாளையைக் கூறு கட்டி மலிவாக விற்றால் யாரும் வாங்கவில்லை என்ற நிலை வரட்டும். அதிகாரி வந்து பிடிப்பதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். ஆனாலும் அந்தக் குஞ்சு முழுக்க நம் அடுப்புக்கு வருவதில்லை, கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் லாரி லாரியாகப் போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: பாறையில் பிடிக்கிற சிப்பி நல்லதா? சாக்கடைத் தண்ணீரைக் குடித்து வளர்கிறது என்று மருமகள் தொடமாட்டேன் என்கிறாள்.
- வாசகி, கருங்கல்

பதில்: மருமகள் சொல்வதில் பாதி உண்மை அம்மா. சிப்பி தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, அதில் உள்ளதைத் தின்று வளர்வது. தண்ணீர் சுத்தமாக இருந்தால் அதுவும் சுத்தம். சாக்கடை கலக்கிற இடத்துப் பாறையில் எடுத்ததை வாங்காதீர்கள்; எங்கே முங்கி எடுத்தது என்று விற்கிறவரிடம் கேட்டால் சொல்வார். உயிரோடு, வாய் மூடி இருக்க வேண்டும். வேகவைத்த பிறகும் வாய் திறக்காததைத் தூர எறியுங்கள். விழிஞ்ஞத்தில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் உள்ள நம் பாறைகளில் கிடைக்கும் தவிட்டு நிறச் சிப்பிக்கு ருசியில் ஈடு கிடையாது என்பது என் கட்சி, மருமகளிடம் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கடற்கரையில் இருந்து வெள்ளை வெள்ளையாக ஜவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகளைப் பொறுக்கி பாட்டிலில் நிறைத்துக் கொண்டுவருகிறார்கள். இது என்ன, விஷமா? பாட்டிலை என்ன செய்ய?
- ஆசிரியை, கொல்லங்கோடு

பதில்: டீச்சர், அது பிளாஸ்டிக் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருள். வாளி, பை, குடம் எல்லாம் செய்வதற்கு முன்னால் பிளாஸ்டிக் இந்த மணி வடிவில்தான் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வரும். விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 2025 மே 24இல் சாய்ந்து மறுநாள் மூழ்கியது. ஆட்கள் 24 பேரும் பிழைத்தார்கள். கப்பலில் 640 கண்டெய்னர், அதில் 13 ஆபத்தான சரக்கு, அந்த 13இல் 12 கால்சியம் கார்பைடு. டீசலும் உலை எண்ணெயும் சேர்த்து 450 டன் போல இருந்தது. எல்லாரும் கார்பைடையும் எண்ணெயையும் பயந்துகொண்டிருந்தபோது சத்தமில்லாமல் கரையேறியது இந்த மணிதான். முதலில் திருவனந்தபுரத்துக் கரைகள், அப்புறம் நம் கரைகள். மழைக்காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும், அதனால் ஆலப்புழைக்கு நேரே முங்கின கப்பலின் சரக்கை நீரோடியிலும் இனயத்திலும் குனிந்து பொறுக்க வேண்டியதாயிற்று.

கையில் எடுத்தால் உடனே ஒன்றும் ஆகாது, பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கெடுதல் வேறு மாதிரி. இது மக்காது. கடலில் கிடக்கக் கிடக்க, தண்ணீரில் கலந்திருக்கும் வேதிப்பொருட்களைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். பார்க்க மீன் முட்டை மாதிரியே இருப்பதால் மீனும் பறவையும் தின்னும், தின்றது வயிற்றிலேயே தங்கிவிடும். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கைக் கரையில் இதே மணி ஆயிரம் டன்னுக்கு மேல் கொட்டியது. இலங்கைக்காரர்கள் சல்லடையும் கையுமாக மாதக்கணக்கில் மணலைச் சலித்தார்கள். ஆகவே ஒரு மழைக்காலத்தோடு இது முடியாது, கடல் மணலைப் புரட்டும்போதெல்லாம் பழைய மணி மேலே வரும்.

பொறுக்குகிற பிள்ளைகளுக்கு ரப்பர் கையுறை கொடுங்கள், திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சேர்த்ததைக் குப்பையோடு எரித்துவிடாதீர்கள், எரித்தால்தான் உண்மையிலேயே விஷம். மூடின பாட்டிலோடு ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள், ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரு பாட்டிலை மட்டும் பள்ளி அறிவியல் அறையில் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தேதி, எந்தக் கரை, எத்தனை அடி நீளத்தில் பொறுக்கியது என்று சீட்டு ஒட்டிவையுங்கள். நட்டஈட்டு வழக்கு என்று வரும்போது இப்படித் தேதி போட்ட பாட்டிலுக்கு மதிப்பு உண்டு.

மீன் சாப்பிடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். குடல், செவுள் எடுத்துச் சுத்தம் செய்கிற மீனுக்குப் பயம் வேண்டாம். நெத்தோலியையும் கொஞ்சம் சிரமப்பட்டுத் தலை கிள்ளிக் குடல் எடுத்துச் செய்யுங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு வருகிற எங்களைக் குப்பை போடுகிறோம் என்று திட்டுகிறீர்கள். மீனவர்கள் கிழிந்த வலையையும் கயிற்றையும் கடலிலேயே போடுகிறார்களே, அவர்களை ஏன் ஒன்றும் சொல்வதில்லை?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சொல்கிறேன். கிழிந்த வலைத் துண்டு, பழைய கயிறு, தெர்மோகோல் மிதவை, டீசல் கேன் எல்லாம் கடலில் போகிறது, போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அறுந்து போன நைலான் வலை அடியில் கிடந்து வருஷக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுத்துத் தின்ன யாரும் இல்லாத பிடிப்பு. ஆனால் முழு வலையை எந்த மீனவனும் மனசோடு எறிவதில்லை. ஒரு வலைக்கு வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பான். பாறையில் மாட்டியோ, ராத்திரியில் விசைப்படகு மேலே ஏறி அறுத்தோ போவதுதான் அதிகம். அறுந்த கையோடு இன்ன இடத்தில் போனது என்று ஆழத்தையும் ஜிபிஎஸ் எண்ணையும் துறைமுகத்தில் பதிந்து, மீட்டுக்கொண்டு வருபவருக்குக் காசு கொடுக்கிற ஏற்பாடு வேண்டும்.

கொல்லம் நீண்டகரையில் 2017இல் கேரள அரசு சுசித்வ சாகரம் என்று ஒன்று தொடங்கியது. வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் திரும்பக் கடலில் உதறாமல் பையில் போட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பெண்கள் அதைத் தரம் பிரிப்பார்கள், பொடியாக்கித் தாரோடு கலந்து ரோடு போடுவார்கள். தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் இதைச் செய்ய என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், மருந்து அட்டை. மீனவன் கடலில் உட்கார்ந்து ஷாம்பு போடுவதில்லை.

அது எப்படி வந்தது? உங்கள் ஊர் வழியாக ஓடுகிற குழித்துறை ஆறு கொண்டுவந்தது, சார். அப்புறம் ஏவிஎம் கால்வாய். திருவிதாங்கூர் காலத்தில், 1860இல், தோணிப் போக்குவரத்துக்கென்று வெட்டத் தொடங்கிய கால்வாய். பூவார்ப் பக்கம் இருந்து எல்லை தாண்டி நம் கரையோரமாகவே வருகிறது. இன்றைக்கு அதில் தோணி போகாது, பல இடத்தில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு குப்பை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டியது தெரிந்து பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. அது நியாயம், அப்படித்தான் செய்ய வேண்டும். அதே நியாயத்தில் நம் கால்வாயில் இருந்து கடலுக்குப் போய்க் கேரளத்துப் பொழியூரில் ஒதுங்குகிற பையை அள்ள எந்த லாரி போக வேண்டும்? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல். களியக்காவிளைச் சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்கிப் பாருங்கள், எதில் போட்டுத் தருகிறார்கள் என்று. தூக்குவாளி கொண்டுபோகிற கிழவிகள்தான் அந்தச் சந்தையில் சட்டத்தை மதிக்கிறவர்கள்.

கேள்வி: கடல் எங்கள் வீட்டுப் பின்சுவர் வரை வந்துவிட்டது. கடலுக்குள் கல்லை நீட்டித் தூண்டில் வளைவு போட்டால் நிற்கும் என்று போராடுகிறோம். ஆனால் பொழியூர்க்காரர்கள் 'உங்க பக்கம் கல்லு போட்டதாலதான் எங்க கரை போச்சு' என்று சண்டைக்கு வருகிறார்கள். யார் சொல்வது சரி?
- வாசகர், நீரோடி

பதில்: இரண்டு பேரும் சரி, அதுதான் இதில் கொடுமை. அலை கரைக்கு நேராக வந்து அடிப்பதில்லை, சாய்ந்து வந்து அடிக்கிறது. அடிக்க அடிக்க மணல் கரையோரமாகவே நகர்ந்து ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும். பருவத்துக்குப் பருவம் போகிற திசையும் மாறும். கரைக்கு அது மாதச் சம்பளம் மாதிரி. நடுவில் கடலுக்குள் கல்லை நீட்டினால் ஒரு பக்கத்து ஊர் தன் சம்பளத்தோடு அடுத்த ஊர்ச் சம்பளத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஊர்க் கரை கரையும். அவர்களும் கல் கேட்பார்கள், போடுவார்கள், அப்புறம் அதற்கு அடுத்த ஊர். கடைசிக் கல் எங்கே முடிகிறதோ அங்கே உள்ளவர் தலையில் மொத்தக் கணக்கும் விழும். நம் கல் முடிகிற இடத்தில் மாநில எல்லை வருவதால் இது தமிழன் மலையாளி சண்டையாகத் தெரிகிறது. முட்டத்துக்கும் கடியப்பட்டணத்துக்கும் நடுவில் நடந்திருந்தால் வெறும் ஊர்ச்சண்டை.

துறைமுக அலைத்தடுப்புச் சுவரும் இதே வேலையைத்தான் செய்யும், அளவுதான் பெரிது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் சுவர் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். அதுதான் வலியதுறையையும் பூந்துறையையும் தின்றது என்று அங்கே மீனவர்கள் 2022இல் மாதக்கணக்கில் போராடினார்கள், துறைமுகத் தரப்பு மறுக்கிறது. அந்தச் சுவருக்குப் போன பாறையில் நம் மேற்குத்தொடர்ச்சி மலைப் பாறையும் உண்டு. பாறை ஏற்றின லாரிகள் களியக்காவிளை வழியே ராவும் பகலும் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலையில் ஒரு இழப்பு, கரையில் ஒரு இழப்பு.

உங்களுக்கு இன்றைக்கு வீடு போகிறது, உங்களிடம் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோரிக்கையில் இரண்டு வரி சேர்த்துக் கொடுங்கள். ஒன்று, நீரோடியும் பொழியூரும் சேர்த்து ஒரே ஆய்வு, இரண்டு மாநிலமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே திட்டம். இரண்டு, கல்லுக்குப் பதிலான வழிகளையும் பரிசீலிக்கச் சொல்வது. புதுச்சேரியில் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு அமைத்து, மணலும் கொட்டி, கல்லாக மட்டும் கிடந்த கரையில் மறுபடி மணல் வரவழைத்திருக்கிறார்கள். பூந்துறையில் மணல் நிறைத்த ராட்சதக் குழாய்களைக் கடலுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் அலைக்கு எது தாங்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். பொழியூர்க்காரர்களையும் அந்த மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு ஊரிலும் பெண் கொடுத்து எடுத்தவர்கள்தானே, பேச ஆளா இல்லை?

கேள்வி: நானும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பட்டணம் அலைத்தடுப்பில் தூண்டில் போடுகிறோம். பொழுதுபோக்குதான். இதில் ஏதும் தப்பு உண்டா அண்ணா?
- கல்லூரி மாணவர், உண்ணாமலைக்கடை

பதில்: ஒரு தப்பும் இல்லை மக்கா, தூண்டிலைப் போல மரியாதையான மீன்பிடிப்பு கிடையாது. ஆனால் முகத்துவாரத்துக்கு நேரே வீசாதே. மழைக்காலத்தில் வள்ளங்கள் அந்த வாயில் திருப்பி உள்ளே வருவதற்கு உயிரைப் பிடித்துக்கொண்டு வரும், கவிழ்ந்து எத்தனையோ பேர் இறந்த இடம் அது. உன் நைலான் சரடு இயந்திர விசிறியில் சுற்றினால் அவ்வளவுதான். ஆனி ஆடியில் கல் மேல் ஏறவே வேண்டாம், வழுக்கி அந்த நான்கு கால் கான்கிரீட் கல் இடுக்கில் விழுந்தவரை எடுப்பது லேசில்லை.

சரடு அறுந்தால் அறுந்ததை முடிந்தவரை இழுத்து எடு, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடு. கல்லில் விட்டுவந்தால் காக்கை, கொக்கு காலில் சுற்றும். குட்டிப் பாரை, குட்டிச் செம்பல்லி மாட்டினால் ஈரக் கையால் பிடித்துக் கழற்றி விட்டுவிடு, காய்ந்த கையால் பிடித்தால் மேல்வழுவழுப்பு போய் அது பிழைக்காது. பேத்தை மாட்டினால் வீட்டுக்கு எடுத்துப் போகாதே, விஷம். இரை வாங்கின பை, டீ கப், பாட்டில்... அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் எந்தப் பாட்டில் என்றும் நான் கேட்கவில்லை.

கேள்வி: சுறா அழிந்துவருகிறது, சாப்பிடக் கூடாது என்று மகள் சொல்கிறாள். எனக்குச் சுறாப்புட்டு உயிர். தூத்தூர்க்காரர்கள் பிடிப்பதும் சட்டவிரோதமா?
- வாசகர், பாறசாலை

பதில்: எல்லாச் சுறாவுக்கும் தடை இல்லை. புள்ளிச்சுறா என்கிற பெரிய திமிங்கலச் சுறா போன்ற சிலவற்றை 2001இல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தார்கள், 2022 திருத்தத்தில் பட்டியல் நீண்டது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியக் கூடாது என்று 2013இல் உத்தரவு, சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015இல் தடை. மற்றதைப் பிடிக்கலாம்.

நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரைக்கும், தூத்தூரும் சேர்த்து, உள்ள எட்டு ஊர் ஆட்கள் பிடிப்பது ஆயிரம் தூண்டில் கோர்த்த நெடுங்கயிற்றில். வாரக்கணக்கில், லட்சத்தீவையும் தாண்டிய ஆழ்கடலில் கிடந்து சூரையும் சுறாவும் கொண்டுவருவார்கள். அடிக்கடலைச் சுரண்டுகிற டிராலரோடு ஒப்பிட்டால் அந்தத் தொழில் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். ஆனால் அந்தத் தூண்டிலிலும் ஆமை மாட்டும், தடை உள்ள சுறாவும் மாட்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் அதிகம் பறிகொடுத்ததும் இந்த ஊர்கள்தான். கரையில் இருந்து சேதி எட்டாத தூரத்தில் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் சேதி சொல்லும் நாவிக் கருவியும் மற்றதும் படகுகளுக்கு வரத் தொடங்கின.

மகள் சொல்வதற்கு வருகிறேன். சாளை லட்சம் முட்டை போடாவிட்டாலும் பல்லாயிரம் போடும், ஒரே வருஷத்தில் வளர்ந்தும் விடும். ஆழ்கடல் சுறாக்களில் சில வகை ஒரு பேற்றுக்கு இரண்டே குட்டி, அதுவும் பருவத்துக்கு வர வருஷங்கள் ஆகும். பிடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அதனால் முடியாது. இன்னொன்று, பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சுறா கொடுக்காதீர்கள், பிரசவம் ஆனவளுக்குப் பால்சுறா என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. உங்களுக்கு? மாதத்துக்கு ஒரு தடவை, திருமண விருந்து மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் சூரையை வேகவைத்து உதிர்த்து, அதே தேங்காய், இஞ்சி, பச்சைமிளகாய் போட்டுப் புட்டு செய்து தரச் சொல்லுங்கள். மகளிடம் சொல்லாமல் பரிமாறினால் நீங்களே சுறா என்றுதான் நினைப்பீர்கள்.